ஆளில்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது?

அன்புள்ள அக்கா,

நடந்தது எதுவோ அதை மட்டுமே எழுதுவது என்ற உறுதியோடு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் செய்யாத எதையும் செய்ததாக எழுத மாட்டேன். நாம் சிரித்த இடத்தில் அழுததாகவும் எழுத மாட்டேன். பள்ளிக் கட்டுரைகளில் கடைசிப் பத்தியில் கொஞ்சம் கண்ணீர் சேர்ப்பது என் வழக்கம். அதற்கு மதிப்பெண் விழும். அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம்.

நான் இருப்பது அதே கல்யாண மண்டபம். இந்த அரையாண்டு விடுமுறையிலும் கட்டுமானப் பொருட்காட்சி இங்கேதான் நடக்கிறது. இரண்டு பக்கமும் டைல்ஸ் கடை, பெயின்ட் கடை, மோட்டார் பம்பு கடை. மணமக்கள் உட்காரும் மேடையில், போன வருடம் போலவே, தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய வெள்ளைத் திரை. நான் மேடைப் படியில் உட்கார்ந்து, ஒரு சிமென்ட் விளம்பர நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முதலாளி, "இதைப் பத்தரமா வெச்சிரு கண்ணு, வந்தர்றேன்" என்று சொல்லி, கார்ட்லெஸ் போனை என் கையில் கொடுத்துவிட்டு புரொஜெக்டர்காரரைத் தேடிப் போயிருக்கிறார்.

சும்மா காதில் வைத்துப் பார்த்தேன். நீலகிரித் தைலம் மணந்தது.

உங்கள் கைப்பைக்குள் தைலப் புட்டி கவிழ்ந்தது நினைவிருக்கிறதா? போன் முழுக்கத் தைலம். துணியால் எவ்வளவு துடைத்தும் பேசும் துளைகளுக்குள் போனது போகவில்லை. "விடு கண்ணு, சளி புடிச்சவங்க ரெண்டு பேரு மோந்து பாத்துட்டுப் போவாங்க" என்றீர்கள். ஒரு வருடம் ஆகியும் அது போகவில்லை, அக்கா. அந்த மணம்தான் இதை எழுத வைத்தது.

நீங்கள் தாராபுரத்திலிருந்து வந்து எங்கள் வீட்டு முன்னறையில் குடியேறியபோது எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. அதுவரை அந்த அறைதான் என் படிக்கும் இடம். சிவில் டிப்ளமோ படித்த பெண், வீடு கட்டிக்கொடுக்கும் கம்பெனியில் வேலை, காலையில் டிபன் டப்பாவோடு போனால் சிமென்ட் தூசியோடு திரும்புவாள் என்பதற்கு மேல் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில், கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டீர்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்ததை டாக்டர் அப்போதுதான் கண்டுபிடித்தார். ஆபரேஷனுக்குப் பெயர் பதிந்தார்கள். அதுவரை படி ஏறக் கூடாது, சாரத்தில் ஏறவே கூடாது என்றார்.

வீடு கட்டுகிறவர் படி ஏறாமல் என்ன செய்வது? உங்கள் அப்பா எங்கள் வீட்டு போனில் கூப்பிட்டுச் சொன்னார். நான்தான் எடுத்து உங்களிடம் கொடுத்தேன், ஆகையால் கேட்டது. "வந்துரு சாமி. ஊட்டுல உக்காந்து சோறு தின்னு, போதும். நாங்க என்ன உன்ர சம்பளத்துலயா இருக்கறோம்?" நீங்கள் "யோசிச்சுச் சொல்றனுங்கப்பா" என்று வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்குத்தான் உங்களிடம் முதல் தடவையாக ஒழுங்காகப் பேசினேன். "ஊருக்குப் போனா என்னக்கா?" என்று கேட்டேன்.

"போனா, என்னைப் பத்தரமா வெச்சுக்குவாங்க" என்றீர்கள். "பீரோவுல வெச்ச பட்டுப்பொடவையாட்டம்."

உங்கள் ஆபீசில் விலைப்பட்டியல் அடிப்பதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். நீங்கள் அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டரில் பையன்கள் ஆடும் சுடும் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்து அதில் ஏற்றினீர்கள். அந்த விளையாட்டோடு, புதிது புதிதாகச் சுவரும் அறையும் கட்டிக்கொள்ள ஒரு கருவியும் வந்தது. எதிரிகள் ஒளிந்திருக்கும் சுரங்கம் கட்டுவதற்காக யாரோ செய்த கருவி. அதில் நீங்கள் ஒரு வீடு கட்டினீர்கள். முன்வாசல், ஆசாரம், அதாவது எல்லோரும் வந்து உட்காரும் பெரிய கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை, மாடிப்படி, மொட்டை மாடி. விசையை அழுத்தினால் நாமே நடந்து போவது போல வீடு நகர்ந்து வரும், திரும்பினால் திரும்பும்.

முதலில் அதைப் பார்த்தபோது முதலாளி சொன்னதை நீங்கள் நடித்துக் காட்டியிருக்கிறீர்கள். திரையின் அடியில் விளையாட்டுக்காரனின் கையும் துப்பாக்கியும் அப்படியே இருந்தனவாம். "ஏனம்மணி, இது பொண்ணு பாக்கப் போற ஊடா, போலீசு போற ஊடா? கையில துப்பாக்கி எதுக்கு?" "அது வெளையாட்டோட வந்ததுங்க சார். கழட்டிப்போடறனுங்க." மறுநாள் துப்பாக்கி இல்லை.

இதைப் பொருட்காட்சியில் சினிமா போலப் பெரிய திரையில் போட வேண்டும், வருகிறவர்களே நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டது நீங்கள். மவுசின் கம்பி எட்டாது. திரையிலிருந்து தள்ளி நின்றால்தான் வீடு முழுசாகத் தெரியும். அதற்குத்தான் இந்த போன். ஒவ்வொரு எண்ணை அழுத்தும்போதும் போனில் வேறு வேறு ஓசை வருகிறதல்லவா, அதை கம்ப்யூட்டரின் மோடம் கேட்டு, எந்த எண் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆபீசின் பழைய இண்டர்காம் பெட்டியை நடுவில் வைத்து இரண்டையும் இணைத்தீர்கள். இரண்டை அழுத்தினால் முன்னால், எட்டை அழுத்தினால் பின்னால், நான்கும் ஆறும் இடமும் வலமும். ஐந்து, கதவு திறக்க. "மவுசப் பாத்தா பயப்படுவாங்க. எஸ்.டி.டி. பூத்துல போன் அமுக்காதவங்க ஆரு?" என்றீர்கள்.

முதலாளி மோசமானவர் இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர், அவ்வளவுதான். "சனங்க இந்த ஊட்டுக்குள்ள போயி நடந்து பாத்துட்டு, நமக்கும் இப்படியொண்ணு கட்டிக் குடுங்கன்னு கேட்டா, நீங்க கம்ப்யூட்டர்லயே ஊடு கட்டுங்க, நான் வெளியில கட்டறேன். இல்லீன்னா இந்தப் பொட்டிய வித்துப்போடறேன். நீங்களும் ஊருக்குப் போயி ஒடம்பப் பாருங்கம்மணி" என்றாராம். அவர் மேல் உங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்.

என்னைத் துணைக்கு அழைத்துப் போனீர்கள். போனைக் கொடுப்பதும் வாங்குவதும் என் வேலை.

முதல் நாள். மேடைக்கு எதிரே விளக்குகளை அணைத்ததும் திரையில் வீடு எழுந்து நின்றது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் போல எல்லாக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். முதலில் வந்த கதர்ச் சட்டைக்காரர் போனை வாங்கிக் காதில் வைத்து, "அலோ, ஆருங்க பேசறது?" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க, அவர் மிகவும் மரியாதையாக, "லைன் கெடைக்கலீங்க" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு நீங்களே ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டி, வாசலுக்கு வந்து, ஐந்தை அழுத்திக் கதவைத் திறந்தார்கள். அங்கேயே நின்றார்கள். தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். பிறகு, "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துப் பெயின்ட் கடைக்குப் போய்விட்டார்கள்.

ஒருவர் இல்லை, இருவர் இல்லை. வந்தவர்கள் எல்லோருமே. வாசல் வரை வந்தார்கள், யாரும் உள்ளே போகவில்லை. இரண்டாம் எண் சரியாக வேலை செய்யவில்லையோ என்று நீங்கள் மோடத்தைக் கழற்றி மாட்டினீர்கள். வாசலில் இருட்டாக இருக்கிறதோ என்று வெளிச்சத்தைக் கூட்டினீர்கள். முதலாளி மேடை ஓரத்தில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் அந்தக் கையைக்கூட அவிழ்க்கவில்லை. உங்கள் உதடு வெளுத்திருந்தது. "உக்காருங்கக்கா" என்றேன். "உக்காந்தா ஊருல போயித்தான் உக்காரணும்" என்றீர்கள்.

சாயங்காலம் சோமனூர்க்காரம்மா வந்தார். வீட்டோடு தறி ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தத்தின் மேல் பேசிப் பேசி அவர் குரல் மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. கூடவே அவர் வீட்டுக்காரர், ஒரு டைல்ஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தம்மா போனை வாங்கினார், விறுவிறுவென்று கேட்டைக் கடந்தார், கதவைத் திறந்தார். நின்றார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நின்னுட்டீங்க? உள்ள போங்க."

"எப்படீங்க போறது? ஊட்ல ஆளே இல்லீங்களே!"

"இது நெசமான ஊடு இல்லீங்கம்மா. படமுங்க."

"படமா இருந்தாத்தான் என்னங்க? கதவு தொறந்து கெடக்குது, ஒரு வார்த்தை வாங்கன்னு கேக்க ஆளக் காணோம். நாம பாட்டுக்கு நொழஞ்சா திருட்டுப் பூனையாட்டம் இருக்காதுங்களா? இத்தன பேரு வேற பாத்துட்டு இருக்கறாங்க."

"இவ எங்கக்கா ஊட்டுக்கே வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புட்டாத்தானுங்க போவா" என்றார் வீட்டுக்காரர்.

"கூப்புடாத ஊட்டுக்குப் போயி நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதாக்கும்!"

கூட்டம் சிரித்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நாள் முழுக்க ஒயரையும் பெட்டியையும் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிறகுதான் சிரித்தீர்கள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, மூச்சு முட்டும் வரை. "கண்ணு, எல்லாச் சாமானும் வெச்சேன், ஊட்டுக்காரிய வைக்கலயே" என்றீர்கள்.

எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று அன்று இரவு யோசித்தேன். நான் புத்தகம் படிக்கிறவள். முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் யாரும் கூப்பிடாமலேயே புகுந்து, அவர்கள் படுக்கையறை வரை போய் உட்கார்ந்து பழகியவள். அதே சமயம் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் தலை நிமிர மாட்டேன். "வந்தவங்கள வாங்கன்னு கேக்காம புஸ்தகத்துல தலைய உட்டுட்டு என்ன புள்ளையோ" என்று அம்மா திட்டாத நாள் இல்லை. நம் ஊரில் வாசலில் நிற்பவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு தேவை என்று ஒரு பெரிய திரை எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களுக்கு அன்று இரவெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. வீட்டுக்கு வந்ததுமே, ஆபீசிலிருந்து எடுத்துவந்த டேப்ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து, என்னிடம் பொத்தானை அழுத்தச் சொன்னீர்கள். அந்த விளையாட்டில் கதவு திறக்கும்போதெல்லாம் கரகரவென்று ஓர் இரும்புச் சத்தம் வரும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குரலை வைத்துவிடலாம் என்பது உங்கள் யோசனை.

"வருக, உள்ளே வருக" என்றீர்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்பது போல இருந்தது. "வாங்க" என்றீர்கள். அம்மா சமையலறையிலிருந்தே, "ஒரு தடவ கேட்டா அது வெரட்டறமாட்ட இருக்கும். ரெண்டு தடவ கேக்கோணும்" என்றார். இரண்டு தடவை சொன்னீர்கள். அதுவும் சரியாக வரவில்லை. மைக்கைப் பார்த்ததும் உங்கள் குரல் விறைத்துப்போனது. எனக்குத் தூக்கம் வந்தது. அப்போது வெளியே கேட் தாழ் சத்தம் கேட்டது. எங்கள் சித்தி வந்திருந்தார். நீங்கள் திரும்பி, முகமெல்லாம் மலர, "வாங்க, வாங்க! உள்ள வாங்க!" என்றீர்கள். நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் குக்கரும் ஒரு விசில் அடித்தது.

அதுதான். அதைத்தான் வைத்தீர்கள். விசிலோடு.

மறுநாள் காலை விளக்கை அணைத்ததும், முதலில் வந்த ஒரு பெரியவர் வாசலில் ஐந்தை அழுத்தினார். மண்டபத்தின் இரண்டு ஒலிபெருக்கியிலிருந்தும் உங்கள் குரல் வந்தது. வாங்க, வாங்க, உள்ள வாங்க. பின்னாலேயே விசில். பெரியவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா, நீங்கள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "வந்தனுங்க" என்று திரையிடம் சொல்லிவிட்டு, இரண்டை அழுத்தி உள்ளே போனார்.

"சமையல் ஆயிட்டிருக்குதாட்ட இருக்குது" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "இருந்து சாப்புட்டுத்தான் போகோணும்!"

அதற்குப் பிறகு நாம் யாரையும் உள்ளே போகச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வெளியே வரச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போன் ஒருவர் கையில்தான் இருக்கும். நடப்பது என்னவோ மண்டபமே சேர்ந்து. "எடது கைப்பக்கம் திரும்புங்க! அட, சோத்துக்கைப் பக்கம் எதுக்குப் போறீங்க?" "அது பூசை ரூமுங்க, கிழக்க பாத்திருக்குதான்னு பாருங்க." பெண்கள் எல்லோரும் நேரே சமையலறைக்குப் போய், அங்கிருந்து பின்கதவைத் தேடினார்கள். "பொடக்காலிக்கு எப்படிப் போறது? பாத்தரம் எங்க வெளக்கறது?" என்று கேட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கொல்லைப்புறம் வைக்க நீங்கள் மறந்திருந்தீர்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கிரைண்டரை எங்கே வைப்பது என்று திரைக்கு முன்னால் சண்டை போட்டார்கள், இல்லாத வீட்டுக்கு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

பிறகு ஒரு கல்லூரி வாத்தியார் கூடத்தைக் கடந்து, குளியலறைக் கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க! உள்ள வாங்க!" என்றது உங்கள் குரல்.

கதவுச் சத்தம் எல்லாக் கதவுக்கும் ஒன்றுதான் என்பதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் டைல்ஸ் கடைக்காரர் கையிலிருந்த டைல்சைக் கீழே போட்டு உடைத்தார். முதலாளி முதல் தடவையாகக் கையை அவிழ்த்தார், கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காக. நீங்கள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டீர்கள். அன்று சாயங்காலமே வாசல் கதவைத் தவிர மற்றக் கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டீர்கள்.

மொட்டை மாடிக் கதையையும் எழுதிவிடுகிறேன். ஒருவர் மாடி வரை ஏறி, காற்று வாங்குகிறவர் போல ஓரத்துக்கு நடந்தார். நீங்கள் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை. திரை தலைகுப்புறக் கவிழ்ந்து தரை வேகமாக வந்தது. மண்டபம் முழுக்க "ஐயோ!" என்றது. அவர் மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த வேகத்தில் பொத்தான் தெறித்தது. "கீழ பாத்து நடக்கத் தெரியாதா உங்குளுக்கு?" என்று மனைவி நிஜமாகவே திட்டினார். விழுந்தவருக்கு முகம் வேர்த்துவிட்டது. நீங்கள் சிரிக்காமல் எழுந்து அவரிடம் போய், "தப்பு என்ரதுங்க. மன்னிச்சுக்குங்க" என்றீர்கள். உடனே விளையாட்டை நிறுத்தி, கூட்டத்தைக் காக்க வைத்து, சுவர் கட்டிவிட்டுத்தான் மறுபடி போனைக் கொடுத்தீர்கள். "படத்துலதானுங்களே உழுந்தாரு" என்று யாரோ சொன்னதற்கு, "உழுந்ததப் பாத்த பொறவு அதுல எப்படீங்க ஆள ஏத்தறது?" என்றீர்கள்.

மூன்றாம் நாளா நான்காம் நாளா என்று சரியாக நினைவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மண்டபம் காலி. நான் எலுமிச்சைச் சாதம் தின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போனை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள். அதுவரை ஒரு தடவைகூட நீங்கள் போனைப் பிடித்து நடந்ததில்லை. கதவைத் திறந்தீர்கள். உங்கள் குரலே உங்களைக் கூப்பிட்டது; லேசாக வெட்கப்பட்டீர்கள். கூடத்தைக் கடந்து படியில் ஏறினீர்கள். நின்று நின்று இல்லை, ஒரே மூச்சில், திருப்பத்தில்கூட நிற்காமல். மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவர் அருகே நின்று, அந்த வீட்டைச் சுற்றி நீங்கள் வைத்திருந்த நீல வானத்தைப் பார்த்தீர்கள்.

"மூச்சு வாங்குதா பாரு கண்ணு" என்றீர்கள்.

"இல்லீங்கக்கா."

"ஆமா. இல்ல." அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு என் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதம் எடுத்துத் தின்றீர்கள்.

கடைசி நாள் உங்கள் அப்பா வந்தார். உங்களை ஊருக்குக் கூட்டிப் போகத்தான் வந்தார். காரையே வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார். முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளைய நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்றதை நானே கேட்டேன். முதலாளி அவரைத் திரைக்கு முன்னால் அழைத்து வந்தார். "மொதல்ல ஊட்டப் பாத்துருங்கண்ணா" என்றார். நான் போனைக் கொடுத்தேன். அவர் கை தடித்த கை, ஒரு விரல் இரண்டு பொத்தானை அழுத்தியது. வீடு இப்படியும் அப்படியும் ஆடியது. கூட்டம் வழி சொல்ல ஆரம்பித்தது. தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்து ஐந்தை அழுத்தினார்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க!"

அவருக்குத் தெரியாது, அக்கா. யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். "வாரேன் சாமி" என்றார். ஆசாரத்துக்குள் போனார். ஒவ்வொரு அறையாக, ஒரு சன்னல் விடாமல் பார்த்தார். நீங்கள் அதற்குள் கட்டிச் சேர்த்திருந்த பொடக்காலிக்கும் போய், துணி துவைக்கும் கல்லைச் சுற்றி வந்தார். படிக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"இதுல நீ ஏறலாமா?" என்று கேட்டார்.

"இதுல ஏறலாமுங்கப்பா."

அவர் ஏறினார். மேலே போய்ச் சுவரோரமாகச் சுற்றி நடந்தார். அப்போது சோமனூர்க்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, முதலாளியிடம், "எங்குளுக்கு இதேதானுங்க வேணும். தறி போட எடம் தனியா உட்டுட்டு, மிச்சம் இதேயாட்டம். ஆனா அந்தப் புள்ளைதான் வரையோணும்" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். போன் உங்கள் அப்பாவின் கையில்தான் இருந்தது. அதை என்னிடம் கொடுத்தார். வெளியே போய்க் கார்க்காரரை அனுப்பிவிட்டு வந்தார். இரவு பஸ்ஸில் தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

அந்தச் சோமனூர் வீட்டை நீங்கள் பார்த்தீர்கள் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி. புதுமனைப் புகுவிழாவுக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். வாசலில் வேண்டுமென்றே நின்றீர்கள். அந்தம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து, "நீங்க கட்டுன ஊட்டுக்கு உங்களயே நான் வாங்கன்னு கேக்கறேன் பாருங்க! வாங்க, வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நீங்கள் கீழேயே உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டீர்கள். மாடிக்கு நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "சுவர் இருக்குதா?" என்று மட்டும் கேட்டீர்கள். இருக்கிறது என்றேன்.

ஆபரேஷனுக்குக் கூப்பிட்டு ஓலை வருவதற்கு முன்பே, ஐப்பசி மழையில், உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் என்னிடம் பேசியது, படியே இல்லாத ஒரு வீட்டைப் பற்றி. சாய்வாக ஏறும் ஒரு நடைபாதை, வீட்டைச் சுற்றிக்கொண்டே மாடிக்குப் போவது போல. "மெதுவாப் போனா ஆரு வேணாலும் போயிரலாம் கண்ணு" என்றீர்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தீர்கள். மீதியை, நீங்கள் சொன்னதை நினைவில் வைத்து, முதலாளியும் நானுமாகச் சேர்த்தோம். அவர் கம்ப்யூட்டரை விற்கவில்லை, அக்கா. உங்கள் நாற்காலியில் சனிக்கிழமைகளில் நான் உட்காருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் கட்டடக் கலை படிக்க எழுதிப் போடப் போகிறேன். வீட்டில் முதலில் தயங்கினார்கள். இப்போது அம்மாவே விசாரித்துவிட்டு வருகிறார்.

இன்றைக்குத் திரையில் நிற்கப் போவது அந்த வீடுதான்.

காலையில் முதலாளிக்கு ஒரு தவிப்பு. உங்கள் அப்பா வந்திருக்கிறார். முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். முதலாளி அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணா, வாசல்ல அந்தப் பழைய குரலேதான் இருக்குதுங்க. உங்குளுக்கு மனசு சங்கடமா இருக்கும்னா சொல்லுங்க, எடுத்துப்போடறனுங்க. வேற ஆரையாச்சும் பேச வெக்கலாம்" என்றார். போன ஒரு வாரமாக எனக்கும் அதுதான் பயம். வேறு ஒருவர் வந்து அந்த வாசலில் "வருக" என்று சொல்லிவிடுவாரோ என்று.

உங்கள் அப்பா வெறும் திரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "எதுக்குங்க எடுக்கறீங்க? ஊட்டுக்காரி அவதானுங்களே. வர்றவங்கள அவ கேக்காம ஆரு கேக்கறது?" என்றார். முதலாளி தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்துபோய், காரணமே இல்லாமல் இண்டர்காம் பெட்டியைத் துடைத்தார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கேட் தாழ் சத்தம் கேட்டால் நான் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன். "வாங்க, வாங்க" என்று இரண்டு தடவை. பால்காரருக்கும் சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவுக்குச் சிரிப்பு. கம்ப்யூட்டரில் ஓர் அறை கட்டினாலும், முதலில் அதன் வாசலில் போய் நின்று பார்க்கிறேன், இங்கே வந்து நிற்பவருக்கு உள்ளே போகத் தோன்றுமா என்று. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். தைல வாசனை என்றைக்காவது போய்விடலாம். இது போகாது.

புரொஜெக்டர்காரர் வந்துவிட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது, சோமனூர்க்காரம்மாவின் குரல் எங்கிருந்தோ கேட்கிறது. முதல் ஆளாக நடந்து பார்க்க உங்கள் அப்பா எழுந்து வருகிறார், வரும்போதே செருப்பைக் கழற்றுகிறார். அவர் கையில் போனைக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் எழுத வெளிச்சமும் இருக்காது.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.